கொளுத்திப் போட்டது யார்? பெருவெடிப்பும் படைத்தவனும்

எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் சாவு வீடென்றால் இரவு முழுக்க ஆட்கள் விழித்திருப்பார்கள். லயத்து வாசலில் தறப்பாள் கட்டிக் கதிரைகளைப் போட்டுவிட்டால் பிளேன்டீயும் வெற்றிலைத் தட்டும் சுற்றிச் சுற்றி வரும். நடுச்சாமம் தாண்டிவிட்டால் பேச்சு எங்கே தொடங்கினாலும் கடவுளிடம் போய் நிற்கும். போன வருடம் அப்படி ஓர் இரவில், கொழும்பில் வேலை செய்யும் தம்பி ஒருவர் சொன்னார்: "பிக் பேங்லதான் எல்லாமே வந்துச்சுன்னு சயன்ஸ் கண்டுபிடிச்சிருச்சு. அப்புறம் கடவுளுக்கு என்ன வேல?" எதிரே உட்கார்ந்திருந்த மாமா, கங்காணியாக இருந்து ஓய்வு பெற்றவர், உடனே திருப்பிக் கேட்டார்: "சரி, வெடி தானா வெடிக்குமா? கொளுத்திப் போட்டது யாரு?"

நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன் என்பதால் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். "சேர், நீங்க சொல்லுங்க." அன்று நான் சொன்ன பதில் எனக்கே திருப்தி தரவில்லை. ஒரு பிளேன்டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயமில்லை அது. எதிரெதிராகப் பேசினாலும் இரண்டு பேர் மனதிலும் இருந்தது ஒரே படம்: இருட்டான வெற்று வெளி, நடுவில் ஒரு புள்ளி, திடீரென்று ஒரு வெடி. அந்தப் படமே பிழையானது. முதலில் அதைத் திருத்த வேண்டும். பிறகுதான் மாமாவின் கேள்விக்கும் தம்பியின் கேள்விக்கும் என்ன பெறுமதி என்று பார்க்க முடியும்.

வெடிக்குப் பதில் பொங்கும் மா

பிளம்ஸ் போட்ட பணிஸுக்கு மா குழைத்துப் பொங்க வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த மா நீளம், அகலம், உயரம் எல்லாவற்றிலும் இரண்டு மடங்காவதாக வைத்துக்கொள்வோம். உள்ளே இருக்கும் ஒரு பிளம்ஸ் மீது நீங்கள் ஓர் எறும்பாக உட்கார்ந்து பார்த்தால், மற்ற எல்லாப் பிளம்ஸும் உங்களை விட்டு விலகிப் போவது தெரியும். ஓர் அங்குலம் தள்ளி இருந்தது இரண்டு அங்குலத்துக்குப் போயிருக்கும். மூன்று அங்குலம் தள்ளி இருந்தது ஆறு அங்குலத்துக்குப் போயிருக்கும். அதே நேரத்துக்குள் பக்கத்தில் இருந்தது ஓர் அங்குலமும் தூரத்தில் இருந்தது மூன்று அங்குலமும் விலகிவிட்டன. தூரம் கூடக் கூட விலகும் வேகமும் கூடுகிறது. வேறொரு பிளம்ஸில் ஏறி உட்கார்ந்தாலும் காட்சி இதேதான். எந்தப் பிளம்ஸும் மாவைக் கிழித்துக்கொண்டு ஓடவில்லை, இடையிலுள்ள மா விரிகிறது.

பிரபஞ்சமும் இப்படித்தான் விரிகிறது. பிளம்ஸ் இருந்த இடத்தில் விண்மீன் மண்டலங்களை வைத்துக்கொள்ளுங்கள். விண்மீன் மண்டலம் என்பது கோடிக்கணக்கான நட்சத்திரங்கள் ஒன்றாகச் சேர்ந்த கூட்டம். நமது சூரியன் இருக்கும் கூட்டத்துக்குப் பால்வீதி என்று பெயர். மா இருந்த இடத்தில் வெளி. ஒன்றை மட்டும் இந்த உவமை தவறாகக் காட்டிவிடும்: மாவுக்கு வெளியே மேசை இருக்கிறது, பிரபஞ்சத்துக்கு அப்படி ஒரு வெளிப்பக்கம் தேவையில்லை.

இது எப்படித் தெரிந்தது? ஓர் இலாஸ்டிக் பட்டியில் பேனாவால் அலை ஒன்று வரைந்து இழுத்துப் பாருங்கள். அலை நீளும். விரியும் வெளிக்குள் பயணம் செய்யும் ஒளியலையும் அப்படியே நீள்கிறது. நீண்ட அலை சிவப்பின் பக்கம் நகரும் என்பதால் இதற்குச் செம்பெயர்ச்சி என்று பெயர். 1912 முதல் வெஸ்டோ ஸ்லைஃபர் என்ற அமெரிக்க வானியலாளர் இதை அளந்து வந்தார். 1927இல் ஜோர்ஜ் லெமேத்ர் என்ற பெல்ஜியம் நாட்டவர், பிரபஞ்சமே விரிகிறது என்று கணக்குப் போட்டுக் காட்டினார். 1929இல் எட்வின் ஹபிள், தூரம் கூடினால் வேகம் கூடும் என்ற உறவை அளவீடுகளோடு வெளியிட்டார். லெமேத்ர் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். அவரிடம் பிறகு வருவோம்.

விரிவைப் பின்னோக்கி ஓட்டினால் எல்லாம் நெருங்கி வரும், சூடாகும். சுமார் 1380 கோடி ஆண்டுகள் பின்னால் போனால் இன்று நாம் காண்பதெல்லாம் சொல்ல முடியாத நெருக்கத்திலும் சூட்டிலும் இருக்கும். அந்த நிலையிலிருந்து பிரபஞ்சம் விரிந்து ஆறி வந்தது என்ற விளக்கத்துக்குத்தான் பெருவெடிப்புக் கொள்கை என்று பெயர். பெயர் வைத்தவர் அதை ஏற்றுக்கொள்ளாத பிரித்தானிய வானியலாளர் பிரெட் ஹொய்ல். 1949இல் பிபிசி வானொலியில் பேசும்போது அந்தச் சொல்லைப் பயன்படுத்தினார். பிரபஞ்சத்துக்குத் தொடக்கமே இல்லை என்பது அவருடைய கட்சி. அவர் வாயிலிருந்து வந்த சொல் ஊரெல்லாம் பரவி, மாமாவின் கையில் ஒரு வெடியாக வந்து சேர்ந்தது.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: பெருவெடிப்பு ஓரிடத்தில் நடந்த வெடிப்பு கிடையாது. எல்லா இடத்திலும் நடந்த விரிவு அது. இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

பனிமூட்டமும் ஆறிய தேத்தண்ணியும்

விரிவு மட்டும் சாட்சியாக இருந்திருந்தால் ஹொய்லின் கட்சி இன்னும் தாக்குப்பிடித்திருக்கலாம். அதைச் சாய்த்தது வேறொரு சாட்சி.

மலையில் பனிமூட்டம் இறங்கும்போது எதிரே வரும் பஸ்ஸின் லைட் தெரியாது. சுற்றிலும் ஒரு வெள்ளை வெளிச்சம் மட்டும் இருக்கும். ஒளி இல்லாமல் போய்விடவில்லை. ஒவ்வொரு நீர்த்துளியிலும் பட்டுச் சிதறுவதால் நேராக வர முடியவில்லை. பனி விலகியதும் அதே ஒளி நேராகக் கண்ணுக்கு வந்துவிடும்.

ஆரம்பகாலப் பிரபஞ்சம் அப்படி ஒரு மூட்டமாக இருந்தது. சூடு அதிகமென்பதால் அணுக்கள் சேர முடியாமல் இலத்திரன்கள் தனித்தனியாகத் திரிந்தன. ஒளி அவற்றில் பட்டுப் பட்டுச் சிதறியது. சுமார் 380,000 ஆண்டுகள் ஆனபோது வெப்பநிலை ஏறத்தாழ 3000 பாகைக்கு இறங்கியது. இலத்திரன்கள் அணுக்களுக்குள் அடங்கின. மூட்டம் விலகியது. அன்று புறப்பட்ட ஒளி இன்றும் வந்துகொண்டிருக்கிறது. ஆனால் வழியில் ஆயிரம் மடங்குக்கு மேல் நீண்டு, கண்ணுக்குத் தெரியாத நுண்ணலையாகிவிட்டது. நுண்ணலைப் பின்னணிக் கதிர்வீச்சு என்பது இதுதான்.

இன்னொரு விதமாகச் சொன்னால், மேசையில் ஒரு கோப்பைத் தேத்தண்ணி வெதுவெதுப்பாக இருப்பதைப் பார்க்கிறீர்கள். ஊற்றியவரைப் பார்க்காவிட்டாலும், கொஞ்ச நேரத்துக்கு முன் அது கொதித்திருக்கும் என்று தெரியும். பிரபஞ்சம் முழுவதிலும் அப்படி ஒரு மிச்சச் சூடு இருக்கிறது. இன்று அது சுழியத்துக்குக் கீழே சுமார் 270 பாகை. 1964இல் அமெரிக்காவில் ஆர்னோ பென்சியஸ், ரொபர்ட் வில்சன் என்ற இருவர் ஒரு பெரிய அன்டெனாவில் எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே மாதிரி இரைச்சல் கேட்பதைக் கண்டார்கள். உள்ளே கூடு கட்டியிருந்த புறாக்களைத் துரத்தி, எச்சத்தைக் கழுவி, எல்லாம் செய்து பார்த்தார்கள். இரைச்சல் போகவில்லை. அந்த மிச்சச் சூடுதான் இரைச்சலாகக் கேட்டது. 1978இல் அதற்காக நோபல் பரிசு கிடைத்தது.

மூன்றாவது சாட்சியும் உண்டு. சூட்டுக் கணக்கின்படி, முதல் சில நிமிடங்களில் ஐதரசனின் ஒரு பகுதி ஈலியமாக மாறி, மொத்த நிறையில் நான்கில் ஒரு பங்கு ஈலியமாக இருக்க வேண்டும். வானத்தில் அளந்தால் அதே அளவுதான் இருக்கிறது.

சுருக்கமாகச் சொன்னால், பிரபஞ்சம் ஒரு காலத்தில் மிகவும் சூடாகவும் நெருக்கமாகவும் இருந்தது என்பதில் சந்தேகம் வைக்க இடமில்லை.

செக்ரோலின் முதல் பக்கம்

இந்தக் கட்டுரையை நான் எழுதுவதே இந்தப் பகுதிக்காகத்தான்.

எங்கள் குடும்பத்தில் பின்னோக்கிப் போனால், அப்பாவின் பாட்டனார் பெயர் தோட்டத்துப் பழைய செக்ரோல் (தொழிலாளர் பெயர்ப் பதிவேடு) ஒன்றில் இருந்தது என்பது வரை போகலாம். அதற்கு மேல் கயிறு அறுந்துவிடுகிறது. மலையகத்தில் நிறையக் குடும்பங்களுக்கு இதுதான் நிலை. கோப்பிக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து வந்து, மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுவழியே நடந்தவர்களின் ஊரையும் பேரையும் உட்கார்ந்து எழுதிவைக்க யாருக்கும் அக்கறை இருக்கவில்லை. ஆனால் செக்ரோலின் முதல் பக்கத்தில்தான் எங்கள் குடும்பம் பிறந்தது என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அது நம்மால் வாசிக்கக் கிடைத்த முதல் பக்கம். அவ்வளவுதான்.

பெருவெடிப்பும் நம்மால் வாசிக்கக் கிடைத்த முதல் பக்கம். முதல் சில நிமிடங்கள் வரை எழுத்து தெளிவாக இருக்கிறது, ஈலியமே அதற்குச் சாட்சி. அதற்கும் முன்னால், ஒரு செக்கனின் மிகச் சிறு துண்டுகளுக்குள் போகப் போக, எழுத்து மங்குகிறது. கடைசியில் நமது கணக்கே நின்றுவிடுகிறது. வெளியும் காலமும் வளைவதை விளக்கும் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் கொள்கையை அதன் எல்லைவரை ஓட்டினால், அடர்த்தி முடிவிலி என்று விடை வரும். இப்படிக் கணக்கு உடைந்துபோகும் இடத்தை ஒருமைப்புள்ளி என்கிறார்கள். பலர் அதை "பிரபஞ்சம் பிறந்த புள்ளி" என்று சொல்லிவிடுகிறார்கள். கல்குலேட்டரில் ஓர் எண்ணைச் சுழியத்தால் வகுத்தால் பிழை என்று காட்டும் அல்லவா? அந்தப் பிழையை விடையாக எழுதிக்கொடுப்பது போன்றது அது. அங்கே அணுக்களின் உலகத்து விதிகளும் ஈர்ப்பின் விதியும் ஒன்றாகச் சேர வேண்டும். சேர்த்துக் காட்டிய கொள்கை இன்னும் கைக்கு வரவில்லை.

அப்படியானால் முதல் பக்கத்துக்கு முன்னால்? காலமே அங்கே தொடங்கியிருக்கலாம். முன்னர் இருந்த ஒரு பிரபஞ்சம் சுருங்கி மீண்டும் விரிந்ததாகவும் இருக்கலாம். அல்லது 1983இல் இயற்பியலாளர்கள் ஜேம்ஸ் ஹார்ட்லும் ஸ்டீபன் ஹோக்கிங்கும் சொன்னதுபோல் "முன்னால்" என்ற சொல்லுக்கே அங்கே பொருள் இல்லாமல் போகலாம். தென்துருவத்தில் நின்றுகொண்டு இன்னும் தெற்கே போக வழி கேட்பது போல. இங்கே என் உவமைக்கும் ஓர் எல்லை இருக்கிறது. எங்கள் குடும்பத்துக்குச் செக்ரோலுக்கு முன்னால் ஓர் ஊரும் ஒரு வீடும் இருந்தது என்று நிச்சயமாகச் சொல்லலாம். பிரபஞ்சத்தைப் பற்றி அந்த நிச்சயம்கூட யாரிடமும் இல்லை.

ஆக, "தொடக்கம்" என்ற ஒரே சொல்லை இரண்டு அர்த்தத்தில் பேசுகிறோம். ஒன்று, நமக்குத் தெரிந்த வரலாற்றின் தொடக்கம். இன்னொன்று, எல்லாவற்றின் தொடக்கம். பெருவெடிப்பு முதலாவதுதான். இரண்டாவதும் அதுவேதான் என்று யாரும் காட்டவில்லை.

மூன்று வரி வாதம்

மாமாவின் கேள்விக்கு வயது அதிகம். 1058இல் பிறந்து 1111இல் மறைந்த இஸ்லாமிய அறிஞர் அல்-கஸ்ஸாலி அதை ஒழுங்கான வாதமாக்கினார். மூன்று வரிதான்: தொடங்குகிற எதற்கும் ஒரு காரணம் உண்டு. உலகம் தொடங்கியது. ஆகவே உலகத்துக்கு ஒரு காரணம் உண்டு.

இரண்டாவது வரியைப் பெருவெடிப்பு உறுதிப்படுத்திவிட்டது என்று இன்று பலர் சொல்கிறார்கள். அது ஏன் அவசரம் என்று மேலே பார்த்தோம். முதல் வரி கேட்டவுடன் சரியென்று படும். ஆனால் நாம் கண்ட "தொடக்கம்" எல்லாம் எப்படிப்பட்டது? ஒரு கோப்பைத் தேத்தண்ணி தொடங்குகிறது என்றால் தூளும் தண்ணீரும் சீனியும் ஏற்கெனவே இருந்தன. இருந்ததை மாற்றி அடுக்கினோம். எதுவுமே இல்லாத நிலையிலிருந்து ஒன்று வந்ததை யாரும் கண்டதில்லை. கோப்பைக்கு உள்ளே பழகிய விதியை மொத்தப் பிரபஞ்சத்துக்கும் நீட்டலாமா? 1948இல் பிபிசியில் ஒரு பாதிரியாரோடு நடந்த விவாதத்தில் தத்துவஞானி பேர்ட்ரண்ட் ரசல் இதைத்தான் கேட்டார். ஒவ்வொரு மனிதனுக்கும் ஒரு தாய் உண்டு, அதனால் மனித குலத்துக்கே ஒரு தாய் இருக்க வேண்டுமா?

காலமும் ஒரு சிக்கல். காரணம் முன்னால், விளைவு பின்னால் என்று பழகியிருக்கிறோம். காலமே பிரபஞ்சத்தோடு தொடங்கியிருந்தால், "முன்னால்" கொளுத்துவதற்கு நேரம் எங்கே?

ஆனாலும் மாமாவின் உள்ளுணர்வை நான் தள்ளிவிட மாட்டேன். இல்லாததிலிருந்து எதுவும் வராது என்பது சின்ன விஷயமில்லை. இங்கே தம்பியின் பக்கம் ஒரு பதில் சொல்லப்படுவதுண்டு: வெற்றிடத்திலிருந்து துகள்கள் தானாகவே தோன்றும் என்று குவாண்டம் இயற்பியல் காட்டிவிட்டதாம், பிரபஞ்சமும் அப்படி வந்திருக்கலாமாம். குவாண்டம் இயற்பியல் என்பது அணுவும் அதைவிடச் சிறியவையும் நடந்துகொள்ளும் விதத்தைச் சொல்வது. ஒரு யுரேனியம் அணு ஏன் சரியாக இந்த நொடியில் உடைந்தது என்பதற்குத் தனிக் காரணம் எதையும் அது தருவதில்லை. முதல் வரிக்கு இது உண்மையிலேயே ஓர் அடிதான். ஆனால் இயற்பியலில் "வெற்றிடம்" என்றால் ஒன்றுமே இல்லாமை என்று பொருள் இல்லை. லயத்தில் ஒரு காம்பரா காலியாக இருந்தாலும் சுவரும் தகரமும் நிலமும் இருக்கும். வெற்றிடத்திலும் ஆற்றலும் விதிகளும் இருக்கும். அந்த விதிகள் எங்கிருந்து வந்தன என்று மாமா கேட்டால் தம்பியிடம் பதில் கிடையாது.

சரி, ஒரு காரணம் இருந்தது என்றே வைத்துக்கொள்வோம். அது கடவுள்தானா? நல்லதண்ணியிலிருந்து படியேறி சிவனொளிபாத மலை உச்சிக்குப் போனால் பாறையில் ஒரு பாதத் தடம். பௌத்தர்கள் புத்தரின் பாதம் என்பார்கள், நாம் சிவனின் பாதம் என்போம், முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் ஆதாமின் பாதம் என்பார்கள். தடத்தை எல்லோரும் ஒன்றாகப் பார்த்துவிட்டு வருகிறோம். யாருடையது என்பது பாறையில் எழுதியிருக்கவில்லை. "காரணம்" என்பதிலிருந்து "அறிவும் அன்பும் உள்ள இறைவன்" என்பதற்கு வர வேறு வாதங்கள் தேவை.

முதல் நாள் தேவைப்படாத கடவுள்

இதில் எனக்குத் தனிப்பட்ட அக்கறை இருக்கிறது. நான் கோவிலுக்குப் போகிறவன். மார்கழி விடியலில் பனிக்குள் நடுங்கிக்கொண்டு பஜனையில் நடந்த பிள்ளைகளில் நானும் ஒருவன். அப்போது பாடிய மாணிக்கவாசகரின் திருவெம்பாவை எப்படித் தொடங்குகிறது? "ஆதியும் அந்தமும் இல்லா அரும்பெரும் சோதியை." தொடக்கம் என்ற ஒரு நாளைப் பிடித்துக்கொண்டு கடவுளை நிறுவ வேண்டிய தேவை நம் மரபுக்கு இருந்ததே இல்லை.

13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் செய்த சிவஞானபோதம் பன்னிரண்டே சூத்திரம். முதலாவது சூத்திரமே இந்தக் கேள்விதான். "அவன் அவள் அது" என்று சுட்டப்படும் உலகம் தோன்றுகிறது, நிற்கிறது, ஒடுங்குகிறது. தானாக இயங்காத ஒன்று இப்படி மாறி மாறி நடந்தால், அதை நடத்துபவன் ஒருவன் வேண்டும் என்கிறது. உவமை குயவன்: பானைக்கு மண் முதற்காரணம், சக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். உலகத்துக்கு மாயை, சக்தி, இறைவன். இதில் கவனிக்க வேண்டியது, மண்ணான மாயையும் தொடக்கம் இல்லாதது என்பதுதான். இல்லது தோன்றாது என்பது சைவ சித்தாந்தத்தின் அடிப்படை. உலகம் எத்தனை தடவை ஒடுங்கி எழுந்திருந்தாலும் இந்த வாதம் அசையாது. நாளைக்கே பெருவெடிப்புக்கு முன்னால் ஒரு பிரபஞ்சம் இருந்ததாக நிரூபணமானால் அல்-கஸ்ஸாலியின் இரண்டாவது வரி தடுமாறும். மெய்கண்டாருக்கு ஒன்றும் ஆகாது.

கத்தோலிக்க மரபிலும் இதே மாதிரி ஒருவர் இருக்கிறார். அதே 13ஆம் நூற்றாண்டின் தோமஸ் அக்குவைனாஸ், உலகம் தொடங்கியது என்பதை அறிவால் நிறுவ முடியாது, அது விசுவாசத்தின் விஷயம் என்றார். அவருக்குப் படைப்பு என்பது என்றோ நடந்த சம்பவத்தைவிட, இந்த நொடியும் உலகைத் தாங்கி நிற்கும் உறவு. ஜெர்மன் தத்துவஞானி லைப்னிட்ஸ் 1714இல் அதையே ஒரு கேள்வியாக்கினார்: எதுவும் இல்லாமல் இருப்பதற்குப் பதிலாக ஏதோ ஒன்று ஏன் இருக்கிறது?

இந்தக் கேள்விக்குத் தொலைநோக்கியால் ஆமென்றோ இல்லையென்றோ சொல்ல முடியாது. சிலர் இதற்குப் பதில் இறைவன் என்பார்கள். சிலர், பிரபஞ்சம் இருக்கிறது, அதோடு கேள்வி முடிகிறது என்பார்கள். குயவனுக்கும் ஒரு காரணம் வேண்டாமா என்று கேட்பவர்களும் உண்டு. மூன்றும் யோசித்துச் சொல்லப்படும் நிலைப்பாடுகள். என் மனம் முதலாவதில் நிற்கிறது. ஆனால் அதை விஞ்ஞான பாடத்தின் முடிவாக வகுப்பில் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

ஈர்ப்பின் பலம் போன்ற இயற்கையின் எண்கள் உயிர் வாழ்வதற்கென்றே அளந்து வைத்தவை போல இருக்கின்றன, அதனால் அளந்தவன் ஒருவன் வேண்டும் என்ற வாதத்தையும் கேட்டிருப்பீர்கள். எனக்கு அது மேலே பார்த்த வாதங்களைவிடப் பலமாகப் படவில்லை. அந்த எண்கள் வேறு விதமாக இருந்திருக்க முடியுமா, முடிந்தால் எத்தனை விதம் என்று தெரியாமல் எது அபூர்வம் என்று எப்படிச் சொல்வது?

பாப்பரசரும் பாதிரியாரும்

1951 நவம்பர் 22ஆம் தேதி பாப்பரசர் பன்னிரண்டாம் பயஸ், விஞ்ஞானிகள் கூடிய அவையில் ஓர் உரை நிகழ்த்தினார். "ஒளி உண்டாகுக" என்ற அந்த முதல் வார்த்தைக்கு இன்றைய விஞ்ஞானம் சாட்சியாக நிற்கிறது என்ற பொருள்படப் பேசினார். உலகம் முழுக்கச் செய்தியானது. மனம் சங்கடப்பட்டவர்களில் ஒருவர் லெமேத்ர். அங்கி போட்ட பாதிரியார், பெருவெடிப்புக் கொள்கைக்கு அடித்தளம் போட்டவர். அவரைவிட இந்த உரையைக் கொண்டாடக் கூடியவர் யார்? ஆனால் அவர் விரும்பவில்லை. தன் கொள்கை சமயக் கேள்விகளுக்கும் தத்துவக் கேள்விகளுக்கும் முற்றிலும் வெளியே நிற்கிறது என்று 1958இல் வெளிப்படையாகவே சொன்னார். இறைவனை நம்பாதவரும் நம்புகிறவரும் அதை ஒரே மாதிரி ஏற்கலாம், மறுக்கலாம் என்பது அவர் நிலை.

மாமா சொன்ன வெடியை லெமேத்ரும் சொல்லியிருக்கிறார். 1930களில் எழுதும்போது, உலகின் வரலாற்றை அப்போதுதான் முடிந்த ஒரு வாணவேடிக்கைக்கு ஒப்பிட்டார். சாம்பலும் புகையும் சில சிவந்த கீற்றுகளும்தான் மிச்சம். ஆறிப்போன ஒரு கரித்துண்டின் மேல் நின்றுகொண்டு, மறைந்துபோன அந்த ஒளியை நாம் நினைத்துப் பார்க்க முயல்கிறோம் என்றார். அந்த மிச்சச் சூட்டைத்தான் பென்சியஸும் வில்சனும் அன்டெனாவில் கேட்டார்கள். நோய்ப் படுக்கையில் கிடந்த லெமேத்ரிடம் உடன் வேலை செய்தவர் ஒருவர் அந்தச் செய்தியைக் கொண்டுபோய்ச் சொன்னார். கொஞ்ச காலத்திலேயே, 1966 ஜூன் 20ஆம் தேதி, லெமேத்ர் காலமானார்.